இரண்டாம் எண் பங்குதாரர்

கம்பெனிச் சட்டம் தெரிந்த வக்கீலைத் தேடிப் போகிறவன், தன் கம்பெனியில் யார் யார் இருக்கிறார்கள் என்று அந்த வக்கீல் கேட்கும்போதுதான் முதல்முறையாக எண்ணிப் பார்க்கிறான். எனக்கும் அப்படித்தான் நடந்தது. இங்கே எழுதப் போவதில் முக்கியமான பகுதி நான் கண்ணால் பார்த்ததல்ல. வக்கீல் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்திருந்த ஒருவர் சொன்னது. ஏழு வருடமாக அதைச் சந்தேகித்துக்கொண்டிருக்கிறேன். நம்பினால் ஒரு மாதிரி மனம் கெடுகிறது, நம்பாவிட்டால் இன்னொரு மாதிரி.

புனேயில், ஹடப்சர் தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் சின்னக் கம்பெனி ஒன்றில் நான் அப்போது கம்பெனி செக்ரட்டரி. பங்குதாரர் பதிவேட்டை வைத்திருப்பது, கூட்டத்துக்கு நோட்டீஸ் அனுப்புவது, கூட்டத்தில் நடந்ததை எழுதிவைப்பது, வருடா வருடம் அரசாங்கத்துக்கு அறிக்கை அனுப்பி அடியில் கையெழுத்துப் போடுவது, இவ்வளவுதான் வேலை. முதலாளி செல்வராஜ் கோர்படி ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்தவர். அவருடைய அப்பா ஆறுமுகம் வட ஆற்காட்டிலிருந்து வந்த ரயில்வே ஃபிட்டர். கம்பெனியை வாங்க மும்பையிலிருந்து ஒருவர் முன்வந்தார். பங்குகள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன என்று ஒரு நல்ல வக்கீல் எழுதித் தர வேண்டும் என்றார். அந்த வக்கீலைப் பிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வக்கீல் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து முதுகு வலித்தவர்களுக்கு மற்றதைச் சொல்லத் தேவையில்லை.

முதல் கேள்வி

முதலில் போனது சிவாஜி நகர் கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் இருந்த ஒருவரிடம். எங்கள் ஸ்டோர் கீப்பருக்குத் தெரிந்தவர். சுவர் முழுக்கத் துணியில் கட்டிய கோப்புகள், நடுவில் அவர். நான் பங்கு, பதிவேடு, விற்பனை என்று கால் மணி நேரம் விளக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், இதில் செத்தவர் யார் என்றார்.

யாரும் சாகவில்லை, இது கம்பெனி விஷயம் என்றேன். நிலத் தகராறிலேயே தலை நரைத்த மனிதர் அவர். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். கோப்பைத் திரும்ப என் பக்கம் தள்ளிவிட்டுச் சொன்னார்: "நன்றாகத் தேடிப் பாருங்கள் சாஹேப், ஒருவராவது இருப்பார்."

பட்டியல்

இரண்டாவது ஒரு பெரிய வக்கீல் நிறுவனம். கண்ணாடிக் கட்டடம், வாசலில் முகத்தைப் படம் பிடித்து ஒட்டித் தரும் சீட்டு. அங்கே ஒரு வழக்கம் உண்டு. கேஸைக் கேட்பதற்கு முன் சம்பந்தப்பட்ட எல்லோருடைய பெயரையும் எழுதி வாங்கிக்கொள்வார்கள். எதிர்த் தரப்பில் யாராவது ஏற்கெனவே அவர்களுடைய கட்சிக்காரராக இருந்தால் நம்மை ஏற்க மாட்டார்கள். நியாயம்தான். பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை எழுதிக் கொடுத்தேன். வாங்க வந்தவர், செல்வராஜ், அவர் மனைவி, பதிவேட்டில் இருந்த இன்னொரு பெயர். அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து ஓர் இளம் வக்கீல் போன் செய்தாள். உங்கள் வேலையை எடுக்க முடியாது, மன்னிக்க வேண்டும் என்றாள். மும்பைக்காரர் பெரிய புள்ளி, அவர்தான் இவர்களிடம் போயிருப்பார் என்று அன்று நினைத்துக்கொண்டேன். இன்று அவ்வளவு நிச்சயமில்லை. அவள் சொன்னது இவ்வளவுதான்: "யார் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, உங்கள் பட்டியலில் ஒருவர் ஏற்கெனவே எங்களிடம் வந்திருக்கிறார்."

முன்னால் நிற்கும் அப்பா

மூன்றாவதாகக் கிடைத்தவர் லிமயே மேடம். சதாசிவ் பேட்டையில் பழைய கட்டடத்தின் இரண்டாவது மாடி. அறுபது வயது, கைத்தறிப் புடவை, கறாரான பேச்சு. வெளி அறையில் தத்தாராம் என்பவர் உட்கார்ந்திருப்பார். யார் வந்தாலும் வருகைப் புத்தகத்தில் எழுதச் சொல்வார், உடனே எவர்சில்வர் தட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் வைப்பார். மிச்சம் வைத்தால் அந்தத் தண்ணீரைக் கொட்ட மாட்டார். ஜன்னலில் இருந்த துளசித் தொட்டியில் ஊற்றுவார். எவர் எவ்வளவு மிச்சம் வைத்தார் என்று துளசிக்கும் அவருக்கும் தெரியும். நான் பார்த்த வக்கீல் ஆபீஸ்களில் இது ஒன்றுதான் மனிதர்கள் இருக்கும் இடமாகப் பட்டது. அதற்காகவே வேலையை மேடத்திடம் கொடுப்பது என்று முடிவு செய்தேன்.

மேடம் பதிவேட்டைத் திறந்தார். முதல் எண்: செல்வராஜ் ஆறுமுகம். இரண்டாம் எண்: ஆறுமுகம் செல்வராஜ், பத்துப் பங்கு. மூன்றாம் எண்: செல்வராஜின் மனைவி. இரண்டாவது ஆள் யார் என்று கேட்டார். பெயரை ஆரம்பத்தில் தலைகீழாக எழுதிவிட்டார்கள் என்றேன். அது புனேவுக்கு வந்த தமிழர் எல்லோருக்கும் நேர்ந்த கதி. நான் ப. நடராஜன். என் அப்பா பழனிசாமி. இந்த ஊர் ஃபாரம் என்னைப் பழனிசாமி நடராஜன் ஆக்கி, ஆபீஸில் இருபது வருடமாக எல்லோரும் என்னைப் பழனிசாமி ஜி என்று கூப்பிடுகிறார்கள். அப்பா இறந்து பல வருடமாகியும் அவர் பெயரைக் கேட்டு நான் திரும்பிப் பார்க்கிறேன்.

மேடம் சிரிக்கவில்லை. இந்த இரண்டாம் எண்ணை நீங்கள் பார்த்ததுண்டா என்றார். இல்லை. கூட்டத்துக்கு வந்ததாக ஒன்பது வருடம் எழுதியிருக்கிறீர்களே? ஆமாம். சின்னக் கம்பெனிகளில் கூட்டம் என்பது செக்ரட்டரி தட்டச்சு செய்வதுதான். எல்லாப் பங்குதாரரும் நேரில் வந்திருந்தனர் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். நோட்டீஸ் அனுப்பினீர்களா என்றார். விதியை மீற எனக்குப் பயம் என்பதால் வருடா வருடம் பதிவேட்டில் இருந்த கோர்படி விலாசத்துக்குச் சாதாரணத் தபாலில் அனுப்பியிருந்தேன். ஒன்றாவது திரும்பி வந்ததா? இல்லை.

மேடம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்றால் சாதாரண எழுத்துப் பிழை, ஒரு பிரமாணப் பத்திரத்தில் தீரும். வேறு ஆள் என்றால் நான் ஒன்பது வருடம் பொய் அறிக்கை கொடுத்தவன், என் தொழில் உரிமம் போகும். இதை நிதானமாகச் சொல்லிவிட்டு முடித்தார்: "நீங்கள் அப்பா பெயரை முன்னால் போட்டுக்கொண்டு நடக்கிறீர்கள், எங்கள் ஃபாரம் அவரையே உள்ளே அனுப்பிவிடுகிறது."

ஒரு சொல்

அன்று மாலையே செல்வராஜைக் கேட்டேன். ஷெட்டில் நின்று ஒரு வால்வைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அது ரெண்டும் நான்தான் சார், அந்தக் காலத்து ஏஜெண்டு குழப்பிட்டான் என்றார். ஏஜெண்டு எங்கே என்றால் தெரியாது. அப்பா பங்கு வாங்கியிருக்கலாமோ என்று இழுத்தேன். வால்வைக் கீழே வைத்தார்.

அவர் சொன்னதை அப்படியே தருகிறேன். இதை நான் மேடத்திடம் இங்கிலீஷில் சொன்னபோது, இறந்துவிட்டார் என்றுதான் சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது? நம் மொழியில் இந்தச் சொல்லுக்கு இரண்டு வாசல் இருக்கிறது. எந்த வாசல் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, அல்லது கேட்க நான் விரும்பவில்லை. "அப்பா கம்பெனி தொடங்கறதுக்கு முன்னாடியே போயிட்டாரு சார், அந்தப் பேச்சை வுடுங்க."

ரு, று

சிக்கல் அத்தோடு முடியவில்லை. கம்பெனி தொடங்கியபோது போட்ட அசல் பத்திரம் வந்தது. முதல் பங்குதாரரின் கையெழுத்து இங்கிலீஷில். இரண்டாவது தமிழில், ஆறுமுகம் என்று, எழுத்துக் கூட்டி, நிதானமாக. செல்வராஜுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. கோர்படியில் வளர்ந்த எத்தனையோ பேரைப் போல வீட்டில் தமிழ் பேசுவார், பஸ் போர்டை மராத்தியில் படிப்பார். மேடம் அவரை வரவழைத்துக் கேட்டார். அந்த ஒரு பேரு மட்டும் எழுதத் தெரியும், அப்பா சொல்லிக் கொடுத்தாரு, சும்மா ஸ்டைலுக்காகப் போட்டேன் என்றார். எழுதிக் காட்டச் சொன்னோம். எழுதினார்.

அவர் எழுதியது ஆருமுகம். சின்ன ரு. பத்திரத்தில் இருந்தது பெரிய று, சரியான எழுத்து, கொக்கி நன்றாக வளைந்து. அந்த அறையில் தமிழ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மேடம் இரண்டு தாளையும் என் பக்கம் நகர்த்தினார். என் உரிமம், என் வயது, இன்னும் கல்லூரியில் இருந்த மகள், எல்லாம் நினைவுக்கு வந்தன. ஒன்றுதான் என்றேன். எதற்காக அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பதில் தெரிந்த கேள்வியைத்தான் மனிதன் அதிகம் கேட்டுக்கொள்கிறான். வெளியே வந்ததும் செல்வராஜ் மெதுவாகச் சொன்னார்: "சார், நீங்க ரொம்ப நேரம் பார்த்தீங்க."

நீலக் கறை

மேடம் அரைகுறையாக எதையும் செய்ய மாட்டார். பிரமாணப் பத்திரம் ஒரு பக்கம் இருக்கட்டும், இரண்டாம் எண்ணின் விலாசத்துக்குப் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்புவோம் என்றார். உங்கள் பெயரை நீக்கப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் இன்ன தேதிக்குள் எங்கள் வக்கீல் ஆபீஸுக்கு நேரில் வரவும் என்று. அப்படி ஓர் ஆள் இல்லை என்று தபால் திரும்பினால் அதுவே சாட்சி.

தபாலை அனுப்பிவிட்டு நானே கோர்படிக்குப் போய்ப் பார்த்தேன். இடிப்பதற்காகக் காலி செய்த குவார்ட்டர்ஸ். வரிசையாகக் கதவுகள், ஒவ்வொன்றிலும் பூட்டு, பூட்டின் மேல் அரக்கு. விலாசத்தில் இருந்த எண் போட்ட கதவிலும் அரக்கு உடையாமல் இருந்தது. வாசலில் புல் முழங்கால் உயரம். நிம்மதியாகத் திரும்பினேன். ஐந்தாம் நாள், தபால் பெற்றுக்கொண்டதற்கான சிவப்பு அட்டை ஆபீஸுக்கு வந்தது. மழையில் நனைந்திருந்தது. கையெழுத்துப் போடும் இடத்தில் மை கரைந்து நீலக் கறை மட்டும். தபால் நிலையத்துக்கு ஓடினேன். யார் வாங்கினார்கள் என்று கவுன்ட்டரில் இருந்தவருக்குத் தெரியவில்லை. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "வாங்குவதற்குக் கை இல்லாமல் இந்த அட்டை திரும்பாது, சாஹேப்."

போகச் சொல்லுங்கள்

ஆட்சேபத்துக்குக் கடைசி நாள். காலை பதினொரு மணியிலிருந்து மேடத்தின் உள் அறையில் உட்கார்ந்திருந்தேன். பதிவேடு மேஜையில், பக்கத்தில் சிவப்புப் பேனா. செல்வராஜ் பிரமாணப் பத்திரத்தில் முந்தின நாளே கையெழுத்துப் போட்டுவிட்டார். மணி மூன்று இருக்கும், தத்தாராம் கதவைக் கையகலம் திறந்து, செல்வராஜ் வந்திருக்கிறார் என்றார்.

முதலாளிக்கு இருப்புக்கொள்ளவில்லை போல என்று நினைத்தேன். மேடம் என்னைப் பார்த்தார். நான் தலையைக்கூடத் திருப்பாமல், அவருடைய கையெழுத்து இனிமேல் வேண்டியதில்லை, போகச் சொல்லுங்கள் என்றேன். கதவு மூடியது. நான்கு மணி வரை வேறு யாரும் வரவில்லை. இரண்டாம் எண்ணின் குறுக்கே ஸ்கேல் வைத்துச் சிவப்புக் கோடு போட்டு, ஓரத்தில் என் சுருக்கொப்பத்தை இட்டேன். மை காயும்வரை மேடம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பதிவேட்டை மூடினார்: "இனிமேல் உங்கள் கம்பெனியில் இல்லாத ஆள் என்று யாரும் இல்லை."

வருகைப் புத்தகம்

பத்து நாள் கழித்துக் கோப்புகளைத் திரும்ப வாங்கப் போனேன். வருகைப் புத்தகத்தில் எழுதும்போது பழைய பக்கம் கண்ணில் பட்டது. அந்தத் தேதி. ஒரு கூரியர்க்காரர் பெயருக்கும் தண்ணீர் கேன் போடுபவர் பெயருக்கும் நடுவே ஒரே ஒரு தமிழ்ச் சொல். ஆறுமுகம். பெரிய று. கொக்கி நன்றாக வளைந்து.

யார் இது என்று தத்தாராமைக் கேட்டேன். அன்று வந்த செல்வராஜ்தான் என்றார். ஒரு முதியவர், கழுத்து வரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டை. கையில் நம் நோட்டீஸ் உறை, பிரிக்காமல். பேசாமல் உறையை நீட்டினார். அதில் ஆறுமுகம் செல்வராஜ் என்று இருந்தது. மராத்திக்காரருக்குப் பெயரின் கடைசிப் பகுதிதான் குடும்பப் பெயர், ஆகவே அவரைச் செல்வராஜ் என்று உள்ளே அறிவித்தார். தத்தாராம் மேல் என்ன தப்பு? நான் அங்கேயே நின்று செல்வராஜுக்குப் போன் செய்தேன். அன்று ஃபேக்டரியை விட்டு நகரவே இல்லை என்றார்.

நான் போகச் சொன்னதைத் தத்தாராம் அப்படியே சொல்லியிருக்கிறார். உங்கள் கையெழுத்து வேண்டாமாம். யார் சொன்னது என்று முதியவர் கேட்டிருக்கிறார். செக்ரட்டரி சாஹேப் என்றிருக்கிறார் இவர். முதியவர் கொஞ்ச நேரம் மூடிய கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். பிறகு எழுந்தாராம். "போகும்போது ஒன்று சொன்னார் சாஹேப், 'வருஷா வருஷம் கூப்பிடுவதும் அவர்தானே' என்றார்."

இரண்டாம் முறை

மறுநாள் காலை மீண்டும் கோர்படி. அரக்கு அப்படியே இருந்தது. காலனி முனையில் நம்மூர்ப் பெண் ஒருத்தி இட்லி விற்றுக்கொண்டிருந்தாள். ஃபிட்டர் ஆறுமுகத்தைத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்று தலையாட்டிக்கொண்டே தட்டில் சட்னி ஊற்றினாள். இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்க வந்தேன். அதற்குள் அவளே சொல்லிவிட்டாள். எந்தப் போவது என்ற அடுத்த கேள்வியை நான் கேட்கவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர் என் முதுகைத் தொட்டார், நகர்ந்துவிட்டேன். "ஃபிட்டரா? அவரு போயிட்டாரே அண்ணா."

அதற்குப் பிறகு கம்பெனி கைமாறியது. செல்வராஜ் குடும்பத்தோடு துபாய்க்குப் போனார். லிமயே மேடம் ஆபீஸை மூடிவிட்டார். வருகைப் புத்தகங்கள் பழைய பேப்பர்க்காரரிடம் போயின. மேடத்திடம் ரு, று பற்றிச் சொல்லவே இல்லை. பேசாமல் இருந்ததால்தான் என் உரிமம் இன்றும் என்னிடம் இருக்கிறது.

மிஞ்சியது தத்தாராம் சொன்னது மட்டும். அவரைச் சந்தேகிக்கக் காரணம் இருக்கிறது. அடுத்த வருடம் நான் அவரைப் பார்த்தபோது, அன்று முதியவர் கையில் குடை இருந்தது என்றார், அதற்கடுத்த வருடம் குடை இல்லை. அந்தக் கட்டடத்தின் படிக்கட்டைப் பற்றியும் அவரிடம் இரண்டு மூன்று பேய்க் கதைகள் உண்டு. ஆனால் தமிழில் அவருக்கு ஓர் எழுத்தும் தெரியாது. புத்தகத்தில் இருந்ததைப் பார்த்தவன் நான். பார்த்தேன் என்பதையே சில நாள் நம்ப முடியவில்லை.

எனக்கு இப்போது ஐம்பத்தேழு. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். இறந்தவரை ஒன்பது வருடம் கூட்டத்துக்கு அழைத்து, வந்தார் என்று எழுதியவன் நான். அல்லது, மகன் கைவிட்ட ஒரு முதியவர் தன் பெயருக்காக மாடியேறி வந்தபோது, கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவரைப் போகச் சொல்லி, பெயரையும் அடித்தவன். முதலாவது என்றால் பயம் மட்டும்தான். அதைத் தாங்கிக்கொள்வேன்.

போன மாதம் ஹடப்சரில் தன் மகள் வீட்டில் இருக்கும் தத்தாராமைத் தேடிப் போனேன். நான் உட்கார்ந்ததும் பழக்கம் விடாமல் தட்டில் ஒரு டம்ளர் கொண்டுவந்து வைத்தார். அதைப் பார்த்ததும்தான், ஏழு வருடமாகக் கேட்காமல் விட்டது எது என்று புரிந்தது. மனம் முழுக்கக் கலங்கியிருந்தாலும், தொழில் புத்தி ஒரு வரியைத் தயாராக வைத்திருந்தது: வக்கீல் தேடிப் போகிறவர்கள் அவருடைய படிப்பையும் கட்டணத்தையும் அப்புறம் விசாரிக்கலாம், வாசலில் இருப்பவர் நம் பெயரை எந்த ஊர் வழக்கப்படி உள்ளே சொல்வார் என்பதை முதலில் விசாரிக்க வேண்டும்.

டம்ளரைத் தொடாமல் அவரைக் கேட்டேன்:

"தத்தாராம் ஜி, அன்றைக்கு நீங்கள் வைத்த தண்ணீரை அவர் குடித்தாரா?"